டிவி விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் திகதியையும் நேரத்தையும் கேளுங்கள்

கேள்வி: ஹட்டனில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் தமிழ் டிவி ஒன்றில் விளம்பரம் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். 30 செக்கன் விளம்பரம் 20 தடவை, அதோடு 10 தடவை இலவசம், யூடியூபிலும் தானாகவே வரும் என்கிறார். 180,000 ரூபா, வற் வரி தனி. டிவிக்கு மக்கள் காசு கட்டுவதில்லையே, அவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? நான் போடும் காசு திரும்பி வருமா?

பதில்: சகோதரி, நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒற்றைத் தாளை இரண்டு தரம் வாசித்தேன். கடையின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, 'மொத்தம் 30 ஸ்பொட்' என்று இருக்கிறது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த நிகழ்ச்சியின் இடையில் என்று ஒரு வரிகூட இல்லை. கீழ் மூலையில் சின்ன எழுத்தில் 'ஆர்.ஓ.எஸ்.' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். உங்கள் 180,000 ரூபாவின் கதையே அந்த மூன்று எழுத்தில்தான் இருக்கிறது.

இலவச டிவி உங்கள் வாடிக்கையாளரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வெட்டி உங்களைப் போன்றவர்களுக்கு விற்கிறது. தெரிந்தெடுத்த சில வீடுகளில் மீட்டர் பொருத்தி, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கு ஏறினால் செக்கனுக்கு விலை ஏறும். ராத்திரிச் செய்திக்குப் பக்கத்தில் வரும் 30 செக்கனும் விடியற்காலை 30 செக்கனும் ஒரே விலையாக இருக்கவே முடியாது. ராத்திரி நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. சவர்க்காரம், பால்மா, போன் கொம்பனிகள் அதை மொத்தமாகப் பேசி எடுத்துவிடும். மிஞ்சுவது காலையும் நடுச்சாமமும். 'ஆர்.ஓ.எஸ்.' என்றால், எந்த நேரம் காலியாக இருக்கிறதோ அந்த நேரத்தில் போட்டுக்கொள்வோம் என்று அர்த்தம். அதற்குக் கையெழுத்து வைத்தால், விற்காத நேரம் எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். இலவசம் என்று சொல்லும் அந்தப் பத்து ஸ்பொட்டும் அங்கேதான் போகும்.

நான் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது பண்டாரவளையிலிருந்து ஒரு தையல்கடைக்காரர் வந்தார். விளம்பரம் போய்விட்டது, ஒரு ஆள்கூடக் கேட்டு வரவில்லை என்றார். அவர் கொண்டுவந்த டெலிகாஸ்ட் சர்டிபிகேட்டை, அதாவது எந்த நாள் எத்தனை மணிக்கு விளம்பரம் போனது என்று டிவி நிலையம் கொடுக்கும் தாளை, மேசையில் விரித்துப் பார்த்தோம். 5.52, 6.10, 6.08, 5.57. எல்லாம் காலை. நம் தோட்டத்துப் பெண்கள் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் நேரம். யார் வீட்டில் டிவி ஓடியிருக்கும்? அந்த மனிதர் நகையை அடகு வைத்துக் கட்டிய காசு அது. விற்றவர்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை, நேரம் எதுவும் எழுதாத ஒப்பந்தம் என்பதால். அன்றிலிருந்து, இப்படி மொத்தமாகக் கட்டி விற்கும் 'பெக்கேஜ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

இடையில் நிற்கும் ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். 'உங்களிடம் நான் கொமிஷன் எடுப்பதில்லை' என்று அவர் சொல்லியிருப்பார். விளம்பரம் கொண்டுவரும் முகவருக்கு டிவி நிலையமே கொமிஷன் கொடுக்கும், பழைய வழக்கப்படி 15 வீதம். அதில் தப்பில்லை. உங்களுக்கு விலையை ஏற்றிச் சொல்லி, நிலையத்துக்குக் குறைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் எடுப்பதுதான் தப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நிலையத்தின் விற்பனைப் பிரிவுக்கு நீங்களே போன் பண்ணி அதே நேரத்துக்கு விலை கேட்பது. தமிழில் பேசுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். தமிழ் பார்வையாளரை வைத்துப் பிழைக்கும் தொழிலில், விலைப்பட்டியலையும் ஒப்பந்தத்தையும் ஆங்கிலத்தில் மட்டும் நீட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்து அலுத்துவிட்டேன். புரியாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

காசை நிலையத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். அவருடைய சொந்தக் கணக்குக்கு வேண்டாம், மச்சான் கணக்குக்கும் வேண்டாம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், உங்கள் தொகைக்கு அது 32,400 ரூபா. வற் பதிவு இலக்கம் அச்சடித்த வரிப் பில் தராதவர் வற் என்று சொல்லி ஒரு ரூபா கேட்கவும் உரிமை இல்லாதவர்.

சரி, யூடியூப். 'தானாகவே வரும்' என்பது பொய். நிகழ்ச்சி முடிந்த பிறகு யூடியூபில் ஏற்றும்போது வழக்கமாக விளம்பர இடைவேளையை வெட்டி எடுத்துவிடுவார்கள். அங்கே வரும் விளம்பரங்களைப் போடுவது கூகுள். அந்த வருமானத்தில் நீளமான வீடியோவுக்கு 55 வீதம் சேனலுக்கு, மீதி யூடியூபுக்கு. ஆக, ஒரே நிகழ்ச்சிக்கு நிலையத்துக்கு இரண்டு உண்டியல். ஒன்றில் நீங்கள் போட்ட காசு மற்றதில் விழாது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பார்த்தால் நிலையத்துக்கு நல்லது, அங்கே விளம்பர விலை கூட. அவர்கள் ஹட்டனுக்கு வந்து சேலை எடுக்கப் போவதில்லை. வாங்கிப் போடும் இந்தியத் தொடர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: உரிமை ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கப்பட்டிருந்தால் அதை யூடியூபில் ஏற்றவே முடியாது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் பாருங்கள். இடைவேளையில் போகாமல் நிகழ்ச்சிக்குள்ளேயே கலந்து வரும் விளம்பரம். 'இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்' என்று கடைப் பெயர் வருவது, அறிவிப்பாளர் உங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பது, திரையின் ஓரத்தில் உங்கள் சின்னம் இருப்பது. இதை வெட்டுவது லேசில்லை, படத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்த நிகழ்ச்சி யூடியூபில் ஏறினால் உங்கள் கடையும் ஏறும், அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றில் இப்படி ஒரு சின்ன இடம் கிடைத்தால், முப்பது ஸ்பொட்டைவிட அது மேல். ஆனால் யூடியூபில் ஏற்றும்போது உங்கள் சின்னத்தை மறைக்கமாட்டோம், பெயர் வரும் பகுதியை வெட்டமாட்டோம் என்று எழுத்தில் வாங்கவேண்டும். அனுசரணைப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முழு நிகழ்ச்சி ஏறுமா, துண்டு துண்டாக ஏறுமா என்றும் கேளுங்கள். துண்டாக என்றால் உங்கள் பெயர் எந்தத் துண்டில் வரும் என்று கேளுங்கள். நேரலையில் மட்டும் போய், பிறகு ஏற்றாத நிகழ்ச்சி என்றால் இந்த நன்மை கிடையாது. அப்போது அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

இனி நம் பக்கத்து நிலைமை. நாட்டிலேயே உயர்ந்த பீதுருதாலகால, 2,524 மீற்றர், நம் மலை. 1982இல் தொடங்கிய அரச டிவியான ரூபவாஹினியின் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. இருந்தும் அதன் அடிவாரப் பள்ளங்களில் மலை மறைத்து அன்டெனாவுக்குப் படம் வராத லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், உண்டு. அதனால்தான் கூரைக்குக் கூரை டிஷ். டிஷ் வந்த வீட்டில் சாயங்காலம் தமிழ்நாட்டுத் தொடர் ஓடினால், கொழும்பிலிருந்து வரும் டிவியில் நீங்கள் போட்ட விளம்பரம் அந்த வீட்டை எட்டாது. டிவி விளம்பரத்தை ஹட்டனுக்கு மட்டும் என்று நறுக்கி வாங்கவும் முடியாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பார்க்கிறவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

யூடியூபில் நேராக வாங்கினால் இதை நறுக்கலாம். ஹட்டனைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர், தமிழில் பார்ப்பவர்கள், என்று வட்டம் போடலாம். ஐந்து செக்கனில் தள்ளிவிடக்கூடிய விளம்பரமாக எடுத்து, பார்வைக்கு இவ்வளவு என்ற முறையில் வாங்கினால், ஒருவர் 30 செக்கன் பார்த்தால், அல்லது அதை அமுக்கிப் போனால்தான் காசு கழியும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்ட்டில் இருக்கட்டும். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தன் கணக்கில் ஓட்டுபவர் எவ்வளவு செலவழித்தார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

பணம் கட்டுமுன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எங்கிருந்து ஆள் வந்தாலும், பில் போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் அன்டெனாவா டிஷ்ஷா, ராத்திரி ஏழு மணிக்கு என்ன பார்ப்பீர்கள், போனில் என்ன பார்ப்பீர்கள். பத்தாம் திகதிச் சம்பளம் கைக்கு வந்த வாரமாக இருந்தால் இன்னும் நல்லது, அன்றைக்குத்தான் கூட்டம் வரும். பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எந்த நிகழ்ச்சி, எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று அப்புறம் உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை அந்த ஆளிடம் 'திகதியும் நேரமும் போட்ட தாளோடு வாங்க' என்று மட்டும் சொல்லிவையுங்கள்.