1:72 கொர்வெட் டெக் சாமான்கள்: கேள்வி பதில்

ரெவெல் நிறுவனத்தின் 1:72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) ஃபிளவர் வகுப்பு கொர்வெட் என்ற சிறிய போர்க்கப்பலின் மாடல் கிட்டைக் கட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அசல் கப்பலின் நீளம் சுமார் 62.5 மீட்டர், மாடலில் 87 செ.மீ.

கே: ரெயிலிங்கைப் பித்தளையில் செய்ய என்ன கம்பி வாங்கலாம் சார்?

தூணுக்கு 0.5 மி.மீ., குறுக்குக் கம்பிக்கு 0.3 மி.மீ. ஒரு மீட்டர் உயரம் இங்கே 14 மி.மீ. ஆகிவிடும். கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 0.8 வாங்கினால், அது 58 மி.மீ. குழாய் போலத் தெரியும். மாடலைப் பொம்மையாக்குவது பெரும்பாலும் இந்தத் தடிமன்தான்.

எம்.டி.எஃப். பலகையில் கோடு போட்டு, தூண்களுக்கு 18–20 மி.மீ. இடைவெளியில் ஆழமில்லாத பள்ளம் கீறுங்கள். தூணைப் பள்ளத்தில் வைத்து, குறுக்குக் கம்பிகளை மேலே இழுத்து டேப் ஒட்டுங்கள். தூணின் அடியில் 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள், டெக்கில் 0.6 மி.மீ. துளையிட்டு அதை இறக்க வேண்டும். முகப்பு வளைவுக்கு, டெக்கில் பொருத்தும் முன்பே ரெயிலிங்கை வளைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரு இணைப்பைப் பற்றவைத்தால் பக்கத்து இணைப்பு விட்டுப்போகிறதே?

அயர்னை அதிக நேரம் வைக்கிறீர்கள். 60/40 ஈயம் (60% வெள்ளீயமும் 40% காரீயமும் கலந்த பற்றாசு) 190 டிகிரி செல்சியஸுக்குள் முழுதாக உருகிவிடும், பித்தளையோ சூட்டை வேகமாகக் கடத்தும். ஈயம் பரவி ஒட்ட உதவும் திரவ ஃபிளக்ஸைத் தூரிகையால் தொட்டு வைத்து, முனையில் கடுகளவுக்கும் குறைவான ஈயத்தோடு ஒரு வினாடி மட்டும் தொடுங்கள். பக்கத்து இணைப்பின் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். வரிசையாகப் போகாமல், இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று மாறி மாறிச் செய்யுங்கள். ஈயம் உருண்டு நின்றால் ஃபிளக்ஸ் போதவில்லை என்று அர்த்தம்.

கே: காற்றுக் குழல்களின் வாய் கிட்டில் தடியாக இருக்கிறது. எப்படி மாற்றுவது?

0.75 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட்டைச் சூடாக்கி அழுத்தி எடுங்கள். 8 மி.மீ. மரக் குச்சியின் முனையை அரைக்கோளமாகத் தேய்க்கவும். பலகையில் போடும் துளை 9.5 மி.மீ.: குச்சியின் விட்டத்தோடு ஷீட் தடிமனின் இரு மடங்கு. சட்டத்தில் அடித்த ஷீட் நடுவில் தொய்ந்ததும் துளைமேல் வைத்து குச்சியால் ஒரே அழுத்து. குமிழி வந்தால் சூடு அதிகம், கிழிந்தால் குறைவு. கிண்ணத்தை வெட்டி, உச்சியில் 45 டிகிரி சாய்வாக அறுத்த 4 மி.மீ. குழாயில் ஒட்டி, வாயைச் சுற்றி 0.3 கம்பி வளையம் போடுங்கள். முதல் நாலைந்து வீணாகும், ஷீட்டைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: டெப்த் சார்ஜ் (நீர்மூழ்கியைத் தாக்கும் குண்டு) எவ்வளவு பெரிது?

மார்க் 7 சுமார் 445 மி.மீ. விட்டம், 705 மி.மீ. நீளம். இங்கே 6.2-க்கு 9.8 மி.மீ. கால் அங்குல ஸ்டைரீன் கம்பியை டிரில்லில் பிடித்துச் சற்றே தேய்த்து நறுக்கினால் போதும்.

கே: நங்கூரச் சங்கிலிக்கு நகைக்கடைச் சங்கிலி ஆகுமா?

கண்ணியின் விகிதத்தைப் பாருங்கள். கப்பல் சங்கிலியில் கண்ணியின் நீளம் கம்பித் தடிமனைப் போல் 6 மடங்கு, அகலம் 3.6 மடங்கு. 38 மி.மீ. கம்பி என்று வைத்தால் 1:72-இல் 3.2-க்கு 1.9 மி.மீ. முறுக்கு விட்ட சங்கிலியை எடுக்காதீர்கள், டெக்கில் படுக்காது.

கே: பெயின்ட் உரிந்து வருகிறது அண்ணா.

ஃபிளக்ஸ் மிச்சம்தான் காரணம். பாத்திர சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் வினிகரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, உலோகத்துக்கான எட்ச் பிரைமர் அடியுங்கள். அதன்பின் கைவிரல் படக்கூடாது.

கே: ரேடியோ கன்ட்ரோலில் ஓட்டப்போகிறேன். எல்லாமே பித்தளையில் செய்யலாமா?

வேண்டாம். பித்தளை ஒரு கன செ.மீ. சுமார் 8.5 கிராம், ஸ்டைரீன் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். கப்பலை நடத்தும் மேல்தள அறையிலும் (பிரிட்ஜ்) புகைபோக்கியிலும் எடை ஏறினால் திருப்பத்தில் படகு சாய்ந்து நிற்கும். கை படும் ரெயிலிங்கும் கயிறு கட்டும் குட்டைத் தூணான பொல்லார்டும் மட்டும் பித்தளை. பொல்லார்டை வெறும் சூப்பர் குளூவில் நிறுத்தாதீர்கள். அடியில் 1 மி.மீ. ஊசி இறக்கி எபாக்சி போடுங்கள்.