கொழுத்த குதிரைக்குக் கொள்ளு வைக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். கடற்கரையில் சவாரிக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையை போன வருஷம் என் அண்ணன் வாங்கிக்கொண்டு வந்தார். பெயர் ராணி, 11 வயது. அப்பாவின் டுரியான் தோட்டத்தில்தான் நிற்கிறது, வேலை எதுவும் கிடையாது. வந்த எட்டு மாதத்தில் பயங்கரமாகப் பெருத்துவிட்டது. பிடரி தடித்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. ‘இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லி அம்மா தினமும் இரண்டு வேளை கொள்ளு அவித்து வைக்கிறார். நாலு நாள் பட்டினி போட்டால் தானாக இளைக்கும் என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, பாலேக் பூலாவ்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் சொன்ன பழமொழி மனிதர்களுக்கு. அந்தக் காலத்தில் குதிரைக்குக் கொள்ளு வைத்தது இளைக்க வைக்க இல்லை, வண்டி இழுத்துக் களைத்து வந்த குதிரைக்குத் தெம்பு ஏற. நூறு கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம், மாவுச்சத்து அதைவிட அதிகம். மர நிழலில் சும்மா நிற்கிற ராணிக்கு அதை இரண்டு வேளை வைத்தால் ஊதாமல் என்ன செய்யும்? ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். அரிசித் தவிடும் வேண்டாம், அதில் எண்ணெய் அதிகம், பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, நாளாவட்டத்தில் எலும்பைக் கெடுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாக நீட்டுகிற ரொட்டி, வெல்லம், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேரட்டை நறுக்கி வைத்துவிடுங்கள், கொடுத்த திருப்தி அவர்களுக்கு இருக்கட்டும்.

அண்ணன் யோசனை இதைவிட ஆபத்து. குதிரையின் வயிற்றில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருந்தாலே புண்ணுக்கு வழி. அதோடு கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் உடம்பில் இருக்கிற கொழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கி கல்லீரலை அடைத்துவிடும். ஹைப்பர்லிப்பீமியா என்று சொல்வோம். மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் சீக்கிரம் வரும், வந்தால் காப்பாற்றுவது கஷ்டம்.

சரி, அப்போது என்னதான் செய்வது? முதலில் எடை தெரிய வேண்டும். குதிரையை நிறுத்துப் பார்க்கும் தராசுக்கு எங்கே போவது, தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். சுற்றளவு 165, நீளம் 135 என்றால் சுமார் 310 கிலோ.

ஒரு நாளைக்கு அந்த எடையில் 1.5 சதவீதம் நார்த்தீவனம், அதாவது 310 கிலோவுக்கு நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இது ஈரம் கழித்த கணக்கு, இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். உலர்புல் என்றால் 5 கிலோ போட்டால் சரியாக இருக்கும். அன்றன்று வெட்டிய பச்சைப்புல் என்றால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், அதனால் 20 கிலோவுக்கு மேலேயே போட வேண்டும். 5 கிலோ பச்சைப்புல்லைப் போட்டுவிட்டு டயட் என்று நினைத்தால் அது அண்ணன் சொன்ன பட்டினிதான். 1.25 சதவீதத்துக்குக் கீழே மட்டும், மருத்துவர் பார்க்காமல் நீங்களாக இறக்காதீர்கள்.

கிடைத்தால் உலர்புல்தான் நல்லது. சிறு கண்ணி வலையில் போட்டுக் கட்டினால் அதே 5 கிலோவை நாள் முழுக்க இழுத்து இழுத்துத் தின்னும், இரண்டு மூன்று வலையாகப் பிரித்துக் கட்டுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை இறங்கும் என்பது உண்மை, ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் புளித்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே வையுங்கள். பக்கத்தில் நேப்பியர் புல்தான் கிடைக்கிறது என்றால் போடலாம், அதையே மாதக்கணக்கில் போட்டால் அதில் இருக்கிற ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், தாது உப்புக் கலவை கட்டாயம் வேண்டும். தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிறவர்களிடம் எந்தப் பக்கம் அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். மிஷினில் வெட்டிக் குவித்த புல்லைக் கொட்டவே கூடாது, சூடேறிப் புளித்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

நடை? கட்டாயம் வேண்டும், குளம்பு நன்றாக இருந்தால் மட்டும். கழுத்து அப்படித் தடித்திருக்கிறது என்றால் இன்சுலின் கோளாறு இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரி என்று சொன்ன பிறகு, விடிந்ததும் கையில் பிடித்து 15 நிமிஷம் நடத்துங்கள், வாரா வாரம் கூட்டலாம். நம்ம புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மூச்சு வாங்குகிறது, தோல் காய்ந்து கிடக்கிறது என்றால் நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் அரையிலிருந்து ஒரு சதவீதம் இறங்கினால் போதும், ராணிக்கு அது ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ. பிடரிக் கொழுப்பு கடைசியில்தான் கரையும், அதைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை ஒன்றை வைத்திருக்கிறேன். வயிறு தொங்குகிறது, ஆனால் விலா எலும்பு தெரிகிறது. இதற்கும் தீவனத்தைக் குறைக்கலாமா?
- வாசகர், ரவாங்

பதில்: குறைக்காதீர்கள்! வயிறு பெரிதாக இருந்தால் கொழுப்பு என்று அர்த்தம் இல்லை. குடல்புழு இருக்கலாம், சத்தில்லாத முற்றிய புல்லாக இருக்கலாம், முதுகுத்தசை குறைந்ததால் வயிறு தனியாகத் தெரியலாம். சாணத்தைக் கொடுத்துப் புழு முட்டை எண்ணச் சொல்லுங்கள், பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பைக் கண்ணால் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவுவது போல விலா தட்டுப்பட்டால் அளவான உடம்பு, மடக்கிய விரல் முட்டிகள் போல இருந்தால் மெலிவு, உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. 1864-ல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025-ல் பந்தயத்தை நிறுத்திவிட்டது, இதையெல்லாம் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்த பழைய லாயக்காரர்களை இனி எங்கே தேடுவது என்று எனக்கு ஒரு கவலை.

கேள்வி: எங்கள் குதிரையும் குண்டுதான். இரண்டு நாளாக முன்னங்காலை முன்னால் நீட்டி, பின்னால் சாய்ந்தபடி நிற்கிறது, நடக்க மறுக்கிறது. சோம்பேறித்தனமா?
- வாசகர், பத்து ஃபெரிங்கி

பதில்: இல்லை, வலி. பத்திரிகைக்கு எழுதி இரண்டு வாரம் காத்திருக்கிற விஷயம் இல்லை இது, அதனால் உங்களுக்கு அன்றைக்கே போன் செய்துவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே: இது லாமினைட்டிஸ் ஆக இருக்கலாம், குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் சதை வீங்கிப் பிரியும் நோய். குளம்பு சூடாக இருக்கும், அதற்கு மேலே கணுக்காலின் பின்புறம் நாடி படபடவென்று அடிக்கும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பச்சைப்புல்லும் தானியமும் நிறுத்தி உலர்புல் மட்டும் வையுங்கள், மணலோ மரத்தூளோ தடிமனாகப் பரப்பி அதில் நிற்க விடுங்கள், குளம்பை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நடத்திப் பார்க்காதீர்கள். வீட்டில் நீங்கள் போடுகிற வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.