குற்றவியல் முதுகலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குற்றவியலில் எம்.ஏ. முடித்து, மதுரை வட்டாரத்தில் நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மேற்படிப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோழவந்தான் மாணவி: பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன் சார். குற்றவியல் எம்.ஏ. சேரலாமா? எங்கே?

தாராளமாகச் சேரலாம்மா. பெரும்பாலும் எந்தப் பட்டம் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். நமக்குப் பக்கம் திருநெல்வேலி. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் துறை 1965-இல் தொடங்கியது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதைச் சமூகப்பணியோடு சேர்த்துக் கற்றுத் தருகிறார்கள். வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்புவார்கள் என்றால் அதையும் பாருங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். இந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு என்று பார்ப்பது சட்டப் படிப்பு. இந்த ஆள் ஏன் செய்தான், இனி இவனை என்ன செய்வது என்று பார்ப்பது நம் படிப்பு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கும். அப்படி ஒரு அறிக்கைக்காக மேலூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பையனுக்கு 19 வயது, பைக் திருட்டு. அவன் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல மார்க். அப்பாவுக்குக் குவாரியில் கால் போன வருஷம்தான் படிப்பு நின்றிருக்கிறது. போலீஸ் காகிதத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. என் அறிக்கையில் எழுதினேன். பையன் சிறைக்குப் போகவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து என்ன கேட்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தப் படிப்புதான்.

திருமங்கலம் வாசகர்: எஸ்.ஐ. ஆக இந்த எம்.ஏ. வேண்டுமா?

வேண்டாம். ஒரு பட்டப்படிப்பு போதும். சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகுங்கள், ஓடிப் பழகுங்கள்.

பேரையூர் வாசகர்: பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டடி சென்டரில் ஒரே வருஷத்தில் எம்.ஏ. என்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், அதே பாடமும், அதே கல்வியாண்டும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் எழுத்துத் தேர்வில் தேறி, சரிபார்ப்பு மேசையில் வேலையை இழந்தான். பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள்.

அலங்காநல்லூர் மாணவர்: கைரேகை, ரத்த மாதிரி பார்க்கும் லேப் வேலைக்கு இதைப் படிக்கலாமா?

அது தடய அறிவியல், தனிப் படிப்பு. பி.எஸ்சி. வேண்டும். காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அதனால் ஆள் தேவை கூடும்.

அண்ணாநகர் வாசகர்: திருட்டுப் புத்தி ரத்தத்தில் வருவது. சில கூட்டமே அப்படித்தான். இதில் ஆராய என்ன இருக்கிறது?

மதுரையில் இருந்துகொண்டு இதை எழுதியிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 1876-இல் லம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், குற்றவாளியைத் தாடையையும் மண்டையையும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றார். பிறகு சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் இங்கிலாந்துச் சிறைகளில் சுமார் 3,000 கைதிகளை அளந்து, வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்படி ஒரு தனி உடல்வாகு இல்லை என்று 1913-இல் எழுதினார்.

ஆனால் அதற்கு முன்பே, 1871-இல், வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதிக்காகவே ஆண்கள் போலீஸிடம் கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் கண்ணில் படும்படி போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த கள்ளர் சமூகத்தினரின் ஊரான, உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. ரத்தத்தில் குற்றம் என்று சொன்னால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

ஒத்தக்கடை சட்ட மாணவர்: உணர்ச்சிவசப்படுகிறீர்கள் சார். இன்றும் ஸ்டேஷனில் ரவுடிப் பட்டியல் இருக்கிறதே. பதிவு இல்லாமல் எப்படித் தடுப்பது?

பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. ஒருவன் செய்த செயலுக்காக அவன் பெயரை எழுதினால் எழுதலாம், அவனும் கேள்வி கேட்கலாம், திருந்தினால் எடுத்துவிடலாம். பிறப்புக்காக எழுதினால் அதற்கு முடிவே கிடையாது, பேரன் வரைக்கும் ஓடும். நீங்கள் வக்கீலாகி இந்தப் பட்டியல் வழக்கு உங்களிடம் வந்தால், கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அண்ணாநகர் வாசகர் மறுபடியும்: பரம்பரை இல்லை என்றால் வேறு எங்கிருந்து வருகிறது?

பழக்கத்தில் வருகிறது. நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்துதான் குற்றத்தையும் கற்றுக்கொள்கிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லாந்து எழுதினார். நல்ல குடும்பத்தில் பிறந்து, கோட்டு போட்டுக்கொண்டு கம்பெனிக் கணக்கில் கைவைப்பவர்களை 1939-இலேயே ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர்கள் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லையே ஐயா.

நாகமலை புதுக்கோட்டை: நெட் தேர்வில் குற்றவியல் உண்டா?

கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி தரும் அந்தத் தேர்வில் உண்டு. பாட எண் 68. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

மேலூர், வாடிப்பட்டி, கள்ளிக்குடி: எஸ்.ஐ. தேர்வுக்கு இந்த எம்.ஏ. உதவுமா?

திருமங்கலத்தாருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இந்தக் கேள்வியை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி மாணவி: எங்கள் பாட்டியின் அப்பா ரேகை வைத்தவர். இதையே எம்.ஏ. ஆய்வுக்கு எடுக்கலாமா? சொந்தக் கதை என்று தள்ளிவிடுவார்களா?

எடும்மா. சொந்தக் கதை மட்டும் என்றால் தள்ளுவார்கள், ஆவணத்தோடு போனால் தள்ள முடியாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசாணைகளைத் தேடு. அந்தச் சட்டக் காலத்தில் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, அவற்றின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேள். ஆனால் காப்பகம் எங்கேயும் போகாது. பாட்டி இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் பதிவு செய்ய ஆரம்பி.