மரச்சட்ட மேனர் வீடுகள்: கேள்வி பதில்

இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பகுதியின் நிலவுடைமைப் பிரபு வாழ்ந்த வீடுதான் மேனர் வீடு. குத்தகை வசூலும் ஊர் வழக்கும் பெரும்பாலும் அந்த வீட்டுக் கூடத்திலேயே நடக்கும். இந்த வீடுகளின் கட்டுமானம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, லிட்டில் மோர்ட்டன் ஹால் படம் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் கட்டமாக அழகாக இருக்கிறது. அந்தக் காலத்திலேயே இப்படித்தான் வண்ணம் அடித்தார்களா?

இல்லை தம்பி. மரத்துக்குக் கறுப்புத் தார், நடுவே பளிச்சென்ற வெள்ளை என்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து ரசனை. ஓக் மரத்தை எதுவும் பூசாமல் விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மோர்ட்டனில் இடையிலிருந்த பூச்சு காவி மஞ்சளாக இருந்திருக்கிறது. பல ஊர்களில் மரத்தையும் சேர்த்து முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னொன்று, செஷயரில் உள்ள அந்த வீடு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கறாராகச் சொன்னால் அது இடைக்காலத்துக்கு அடுத்து வந்த டியூடர் அரசர்களின் காலம். இடைக்காலம்தான் வேண்டும் என்றால் ஹெர்ஃபர்ட்ஷயரின் லோயர் பிராக்ஹாம்ப்டன் பாருங்கள். சுற்றிலும் அகழி, நடுவே சின்ன வீடு. எனக்கு மோர்ட்டனைவிட அதுதான் பிடிக்கும்.

சார், மண்சுவர் அவ்வளவு பெரிய கூரையை எப்படித் தாங்குகிறது?

சுவர் எதையும் தாங்கவில்லை. பாரம் முழுக்க மரச்சட்டத்தின் மேல். கீழே கல் மேடை, அதன்மேல் படுக்கை மரம், தூண், உத்தரம், கைமரம். இடைவெளியில் ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்ற மரத்தின் மிலாறுகளைக் குறுக்கே பின்னி, களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் பிசைந்த கலவையை இரு பக்கமும் அப்புவார்கள். ஒரு கட்டம் உதிர்ந்தால் அதை மட்டும் பெயர்த்துப் புதிதாக அடைக்கலாம். சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

மரத்தை இணைப்பதுதான் உண்மையான வித்தை. இரும்பு ஆணி கிடையாது. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றின் முனையில் அதற்குள் நுழையும் கழுந்து, ஊடே ஓக் முளை. இதில் ஒரு தந்திரம் உண்டு. கழுந்தில் உள்ள ஓட்டையை வேண்டுமென்றே ஓர் இம்மி தள்ளிப் போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது இரண்டு மரத்தையும் இழுத்து இறுக்கிவிடும். வெட்டி அதிக நாள் ஆகாத பச்சை ஓக்கில்தான் வேலை நடக்கும். காய்ந்த ஓக்கில் உளி இறக்குவது பெரும்பாடு. பச்சை மரம் நின்ற இடத்திலேயே காய்ந்து, சுருங்கி, முறுகும். பழைய வீடுகள் கோணலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி பின்னால் வந்தவர்கள் செய்த வேலை. மோர்ட்டனில் பிற்பாடு மேலே ஒரு நீண்ட மாடத்தை ஏற்றி, அதற்குக் கனத்த கற்பலகைக் கூரையும் போட்டார்கள். கீழ்ச்சட்டம் அந்தப் பாரத்தில் பிதுங்கியதில் ஆச்சரியமே இல்லை.

நடுக்கூடத்தில் புகைபோக்கி இல்லாமல் தீ மூட்டுவார்களாமே? மூச்சு முட்டாதா என்று என் மகள் கேட்கிறாள்.

மகளிடம் சொல்லுங்கள், முட்டத்தான் செய்யும்! ஆனால் கூடத்துக்கு மாடி கிடையாது, கூரை வரை திறந்தவெளி. தரை நடுவே அடுப்பு. புகை மேலே தங்கி, கூரையிலுள்ள திறப்பு வழியாக மெல்ல வெளியேறும். வீட்டின் அமைப்பே இந்தத் தீயைச் சுற்றித்தான். ஒரு கோடியில் உயர்ந்த மேடை, அங்கே பிரபு குடும்பத்தின் சாப்பாட்டு மேசை. அதற்கு அப்பால், மாடியில் அவர்களுடைய தனியறை. மறுகோடியில் மரத்தடுப்பு, நடைவழி, அதைத் தாண்டி ரொட்டி வைக்கும் அறையும் பீர் வைக்கும் அறையும். லங்காஷயரின் ரஃபர்ட் ஓல்ட் ஹாலில் சிற்ப வேலை நிறைந்த நகர்த்தக்கூடிய தடுப்பு ஒன்று இன்னும் நிற்கிறது.

16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியதும் பல கூடங்களுக்குக் குறுக்கே மாடித் தளம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் பரண் ஏறிப் பார்த்தால் கைமரங்களில் அந்தப் பழைய கரி அப்படியே இருக்கும். ஒரு காலத்தில் அது திறந்த கூடம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உடைத்த கப்பல்களின் மரத்தில் கட்டியவை என்கிறார்களே?

ஊருக்கு ஊர் சொல்லும் கதை. கடலுக்கு வெகு தொலைவில் உள்ள வீட்டுக்கும் சொல்வார்கள். உத்தரத்தில் சம்பந்தமில்லாத துளைகள் தெரிந்தால், பெரும்பாலும் அது வேறொரு பழைய கட்டடத்திலிருந்து எடுத்த மரம், அல்லது அங்கே முன்பு இருந்த சுவரை எடுத்திருப்பார்கள்.

கரையான் அரிக்காதா?

இங்கிலாந்தில் கரையான் இயல்பாக இல்லை. 1990களில் டெவனில் ஒரு கூட்டம் தென்பட்டு, அதை ஒழிக்க அரசே திட்டம் போட்டு, 2021இல் ஒழிந்ததாக அறிவித்தது. உண்மையான எதிரி ஈரமும், ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓக்கைத் துளைக்கும் 'டெத்வாட்ச்' வண்டும். 20ஆம் நூற்றாண்டில் பழைய சுண்ணாம்பை எடுத்துவிட்டு சிமென்ட் பூசியவர்கள் செய்த கேடும் கொஞ்சமில்லை. சிமென்ட் விரிசலில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளேயே மக்கிவிடும். வெளியே சுவர் என்னவோ புதுசாகத்தான் தெரியும். பழைய மரவீட்டில் சிமென்ட் மூட்டையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

அடுத்த வருஷம் லண்டன் போகிறோம். எதைப் பார்ப்பது, எதைக் கவனிப்பது?

பக்கத்தில் என்றால் கென்ட்டிலுள்ள ஐட்டம் மோட். 1320களில் தொடங்கிய வீடு, கல்லும் மரமும் கலந்தது, அகழியில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ் பாதிரியார் வீடு, மேனர் அல்ல, ஆனால் திறந்த கூடத்தின் அமைப்பு அதில் நன்றாகப் புரியும். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் அது: 1896இல், வெறும் 10 பவுண்டுக்கு.

உள்ளே போனதும் மூட்டுகளின் ஓரம் பாருங்கள். உளியால் கீறிய ரோமன் எண்கள் தெரியும். தச்சர்கள் தங்கள் களத்தில் தரையில் கிடத்திச் சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி கோப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிய அந்த அடையாளம். நான்கை நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள். மாடித் தாழ்வாரங்களில் வெளிச்சம் குறைவு, கைபேசி டார்ச் உதவும். பல வீடுகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும் அல்லது பாதிதான் திறந்திருக்கும், டிக்கெட் எடுக்கும் முன் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.