பொன்னேரிப் பக்கம் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்ணூர் கழிமுகத்தில் படியும் அனல் மின்நிலையச் சாம்பலைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. நானும் என் மனைவியும் தண்டையார்பேட்டையில், தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் ஒரு பகுதியில், என் அம்மாவுடன் வசிக்கிறோம். எனக்கு ராயபுரத்தில் துறைமுகம் சார்ந்த வேலை. மனைவி திருவொற்றியூரில் ஆசிரியை. பொன்னேரியிலிருந்து மேற்கே 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் 10 சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவழிக்கும் வீடாக அதைக் கட்ட வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசை. 2200 சதுர அடியில் இரண்டு தளம், 5 கிலோவாட் சோலார், மூன்று படுக்கையறைகளுக்கும் ஏசி என்று திட்டமிட்டிருக்கிறோம். கார் இருப்பதால் பயணம் சிரமமில்லை. ஜெர்மனியில் காற்றே புகாதபடி மூடி, கனமான வெப்பத் தடுப்பு வைத்துக் கட்டும் வீடுகளைக் காணொளிகளில் பார்த்து அதே முறையைப் பின்பற்ற நினைக்கிறோம். "காற்று வராத வீட்டில் நான் படுக்க மாட்டேன்" என்று அம்மா சொல்கிறார். மண் கல் நல்லதா, வாஸ்துப்படி அறைகளை அமைத்தால் காற்றோட்டம் கெடுமா என்பதையும் அறிய விரும்புகிறோம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சுவர், சோலார், ஏசி, வாஸ்து என்று எல்லாவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தினமும் எப்படி வேலைக்கு வரப் போகிறீர்கள் என்பதை மட்டும் "கார் இருப்பதால் பயணம் சிரமமில்லை" என்ற ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் கட்டப்போகும் வீட்டின் எரிசக்திக் கணக்கில் ஆகப் பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

உங்கள் மனையிலிருந்து ராயபுரம் சுமார் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 80. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும் என்பதால், காரின் பங்கு மட்டுமே 11 கிலோவைத் தாண்டுகிறது. மாறாக, உங்கள் வீடு சிக்கனம் எதுவுமின்றி நாளுக்கு 10 யூனிட் செலவழித்தாலும், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற கணக்கில் அதன் பங்கு 7 கிலோதான். அதாவது, வீட்டுக்குள் ஒரு விளக்குகூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும், காரில் வந்து போகும் வரையில் நீங்கள் தண்டையார்பேட்டையில் இருந்ததைவிட அதிகமாகவே எரிக்கிறீர்கள். அதே பயணத்தைப் பொன்னேரி நிலையம் வரை இருசக்கர வாகனத்திலும், அங்கிருந்து மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் வழியாக வரும் புறநகர் ரயிலிலும் செய்தால், பெட்ரோல் செலவு நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டராகச் சுருங்கிவிடும். விரைவு ரயிலுக்கு வழிவிட்டு மின்ரயில் சிக்னலில் நிற்கும் துன்பத்தை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் உங்கள் இருவருடைய வேலையிடங்களும் அந்த ஒரே தடத்தில் அமைந்திருப்பது எளிதில் வாய்க்காத வசதி. மனை வாங்கியாகிவிட்டது, அதை விற்றுவிட்டு நிலையத்துக்கு அருகில் வாங்குங்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. ஆனால், கார் ஓட்டும் திட்டத்தை மாற்றாமல் சுவருக்கு எந்தக் கல் வைப்பது என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

அடுத்தது அளவு. மூன்று பேருக்கு 2200 சதுர அடி ஏன் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட் என்பது கட்டட மேஸ்திரிகள் அனைவரும் போடும் தோராயக் கணக்கு. 2200 சதுர அடிக்கு 880 மூட்டை. அதைப் பாதியாகக் குறைத்தால் 440 மூட்டை மிச்சம். ஒரு மூட்டை சிமென்ட் தயாராவதற்கு 30 கிலோவுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளிவருகிறது என்று கொண்டால், இந்த ஒரு முடிவினால் மட்டும் சுமார் 13 டன் தவிர்க்கப்படுகிறது. மேலே சொன்ன பத்து யூனிட் வீட்டின் ஐந்து ஆண்டு மின்சாரத்துக்கு அது சமம். கம்பியையும் செங்கல்லையும் நான் இதில் சேர்க்கவில்லை. உறவினர்கள் பொங்கலுக்கு வந்து தங்குவார்கள் என்பதற்காக ஆண்டு முழுவதும் இரண்டு அறைகளைப் பூட்டி வைப்பது நம்மவர்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இனி ஜெர்மன் வீடு. அந்த முறையில் முதல் வீட்டை 1991-இல் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டினார்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் வெப்பமூட்டச் செலவழிக்கக் கூடாது என்பது அதன் அளவுகோல். உறைபனிக் காலத்தில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பதற்குத்தான் அந்தக் காற்றுப்புகா அடைப்பும், கனத்த சுவர் உறையும், பல அடுக்குக் கண்ணாடியும். அங்கே அது அருமையான வேலை. பொன்னேரியில் நமக்குச் சூடேற்ற வேண்டிய நாளே கிடையாது. நம் தொல்லை வெயிலும், வியர்வையை உலரவிடாத ஈரமும். நான்கு பக்கமும் அடைத்த வீட்டில் அந்த ஈரத்தை வெளியேற்ற ஏசியைத் தவிர வேறு வழியில்லை. எனவே ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாத வீட்டை நீங்களே கட்டிக்கொள்வீர்கள். காற்று மிதமாக உடலின் மேல் பட்டாலே வெப்பம் சுமார் 3 டிகிரி குறைந்தது போல உணர்கிறோம். உங்கள் அம்மா சொல்வது அனுபவத்திலிருந்து வரும் பொறியியல். இந்த விஷயத்தில் காணொளியை விட்டுவிட்டு அவரைப் பின்பற்றுங்கள். ஏசி கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே ஓர் அறையை மட்டும் இடுக்கில்லாத கதவு ஜன்னல்களோடு அதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.

நம் ஊரில் வெப்பம் உள்ளே வரும் பெருவாசல் கூரை. இதை நீங்கள் இப்போது படுத்துறங்கும் வீட்டிலேயே பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இத்தனை தடிமனைக் கடந்து சூடு கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உயர்ந்த உத்தரத்துக்கு அடியில் இருப்பவருக்கு அது உறைப்பதும் குறைவு. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் அப்படியல்ல. மே மாத நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அப்போது வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை கீழே படுத்திருப்பவர் மீது இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி சுழற்றுவதும் அந்தச் சூட்டைத்தான்.

தேக்குக் கட்டைக்கு இன்று பணத்துக்கு எங்கே போவது? கான்கிரீட் தளமே போடுங்கள். ஆனால் அதைச் சுட்டெரிக்க விடாதீர்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த 'சுருக்கி' போட்டு, வெள்ளைத் தட்டோடு பதிப்பது முதல் வேலை. "வாட்டர்புரூஃப் பெயின்ட் போதும் சார்" என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அது மழைக்குத் தடையே ஒழிய வெயிலுக்குத் தடையல்ல. இரண்டாவது, சோலார் பலகைகளைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இரும்புச் சட்டம் அமைத்து அதன் மேல் வையுங்கள். வடசென்னை மொட்டை மாடிகளில் கீற்றுக் கொட்டகை செய்துவந்த வேலையை அந்தப் பலகைகள் செய்யும். துணி காயவைக்கவும் இரவில் பாய் விரிக்கவும் இடமும் கிடைக்கும். ஆனால் சட்டத்தின் கால்களைத் தளம் போடும்போதே கம்பியோடு பிணைத்து இறக்கிவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் கரையேறிய நாளில், பின்னாளில் திருகி வைத்த தகரங்கள் என்ன ஆயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்று எழுதுபவர்கள் நம்மைவிட வெகு வடக்கே இருப்பவர்கள். பொன்னேரியில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் அகலமான சன்ஷேடு வேண்டும். மேற்குச் சுவர்தான் மிகக் கொடியது. தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே மரம் வைப்பதே வழி.

வாஸ்து இங்கேதான் குறுக்கே வருகிறது. கன்னி மூலையில் பெரிய படுக்கையறை என்றால், தென்மேற்கு வெயில் முழுவதையும் வாங்கிய அறையில் நீங்கள் இரவு தூங்கப் போகிறீர்கள் என்று பொருள். அக்னி மூலையில் சமையலறை என்றால், பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடற்காற்று முதலில் அடுப்பைத் தொட்டு, அந்தச் சூட்டையும் தாளிக்கும் நெடியையும் சுமந்துகொண்டு கூடத்துக்குள் வரும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருந்தால் அதை நான் குலைக்க விரும்பவில்லை. சமையலறையை அதே மூலையில் வைத்து, கூடத்துக்கு இடையே முழுச் சுவரும் கதவும் வையுங்கள். இப்போது எல்லோரும் கேட்கும் திறந்த சமையலறை வேண்டாம். காற்று உள்ளே வர ஒரு ஜன்னலும், அதற்கு எதிர்ச்சுவரில் வெளியேற இன்னொன்றும் எல்லா அறைகளிலும் இருக்கட்டும். தண்டையார்பேட்டைக்கு வந்து சேரும் கடற்காற்று, கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் உங்கள் மனைக்குத் தாமதமாகத்தான் வரும். மேல்காற்று வலுத்த ஜூன் நாட்களில் வராமலே போவதும் உண்டு.

மண் கல்லைப் பொறுத்தவரை, ஆரோவில்லில் அழுத்திச் செய்யும் கற்கள் சிறந்தவை. மணற்பாங்கான மண்ணும் சிறிது சிமென்ட்டும் சேர்ந்தால்தான் அவை நிற்கும். உங்கள் பக்கம் நெல் விளையும் களிமண் பூமியாக இருந்தால், தகுந்த மண்ணை லாரியில் வரவழைத்து மண் வீடு கட்டுவதில் எந்தச் சிக்கனமும் இல்லை. கனத்த சுவர் எங்கும் குளிர்ச்சி தரும் என்பதும் சரியல்ல. பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறாத கடலோரப் பகுதியில், அது பகலில் சேர்த்த சூட்டை இரவில் திருப்பித் தரும். அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் மலிந்து கிடக்கும்போது, சூளையில் சுடாமல் செய்யும் ஃபிளை ஆஷ் கல்லே உங்களுக்கு ஏற்றது. அளவு பிசகாத கல் என்பதால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறைக்கு அது நன்றாகப் பொருந்தும். கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அந்த முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல் மிச்சமாகும்; வெற்றிடமும் சூட்டைத் தடுக்கும். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

சோலார் 5 கிலோவாட் உங்களுக்குத் தேவைப்படாது. 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி எனும் மின்சிக்கன மோட்டார் விசிறி 30 வாட்டோடு நின்றுவிடும். ஆகவே 3 கிலோவாட்டே மிகுதி. மத்திய அரசின் வீட்டுக் கூரைச் சோலார் திட்ட மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. மின்வாரிய இணைப்போடு சேர்ந்த சோலார், பேட்டரி இல்லையென்றால், மின்தடை நேரத்தில் தானும் நின்றுவிடும் என்பதை விற்பவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்வார்கள். 'ஜீரோ பில்' என்பதும் பணக் கணக்கு மட்டுமே. நீங்கள் பகலில் கொடுத்ததை ஈடுகட்டி இரவில் வாங்கும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில்தான் வருகிறது. இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் எரிகிறது, அதில் ஏறத்தாழ 200 கிராம் சாம்பலாக மிஞ்சுகிறது. மூன்று அறைகளில் இரவு முழுவதும் ஓடும் ஏசி அந்தச் சாம்பலைத்தான் கூட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று தண்ணீர். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்த மனையில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வயல்காரர்களிடம் விசாரித்துவிட்டு, அதற்கு மேல் அடித்தளத்தை உயர்த்துங்கள். ஆரணியாற்றுப் பக்கத்து ஊர்களில் இதை வரைபடக்காரர்கள் அறிய மாட்டார்கள். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கதை. உங்கள் மனை இன்னும் மேற்கே இருப்பதால் நல்ல நீர் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு பாட்டில் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் ஆகாது. உப்பு நீரில் கலந்து, உப்பு நீரிலேயே நனைத்த தளத்தில் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கான்கிரீட் பெயர்ந்து விழும். பிறகு அதை இடித்து மறுபடியும் கட்டுவதற்கு ஆகும் எரிசக்தியை எந்தச் சோலாராலும் ஈடுகட்ட முடியாது. அந்தச் சோதனையின் முடிவு கைக்கு வரும்வரை கடைக்கால் போட நாள் பார்க்க வேண்டாம்.

அன்புடன்.