சபையில் கிருபை காட்டுவது என்றால், செய்த தவறைக் கண்டும் காணாமல் விடுவதா?

இல்லை. கண்டும் காணாமல் விடுவதற்குக் கிருபை வேண்டாம், சோம்பல் போதும். கிருபை காட்டுகிறவருக்கு அது கொஞ்சமாவது கையைக் கடிக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சபைப் பணத்தில் கை வைத்தவரையோ பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்தவரையோ யாராவது தட்டிக்கேட்டால், உடனே “ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே” என்று வேதாகமத்தில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை நீட்டுவார்கள். அதே அதிகாரத்தைச் சற்று மேலே வாசித்தால், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இருக்கிறது. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போ, கேளாவிட்டால் ஓரிருவரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்றும் இருக்கிறது. அதையெல்லாம் தாண்டிக் குதித்து, அடிபட்டவரிடம் போய் மன்னிக்கச் சொல்வதில் சொல்கிறவருக்கு ஒரு காசு செலவில்லை. அதைக் கிருபை என்று என்னால் ஏற்க முடியாது.

செலவான கிருபையையும் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சந்தா உண்டு. பாக்கி விழுந்தால் யாரும் உடனே கேட்கமாட்டார்கள். திருமண அறிவிப்பு வாசிக்கவோ கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டவோ கேட்டு வரும்போதுதான் பேரேடு திறக்கும். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்த காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று மார்தட்டும் குடும்பங்களுக்குத்தான் இதில் கண்டிப்பு அதிகம். அந்த மனிதரோ வாங்கிய சம்பளத்தைக் கையில் தங்கவிடாமல் பிறருக்குக் கொடுத்தவர்!

ரப்பர் பால்வெட்டிப் பிழைத்த ஒரு பெரியவர் இறந்துபோனார். மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. பாக்கி ஏறியதில் அதிசயமில்லை. முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே கமிட்டிக்காரர் ஒருவர் மகனைத் தனியே அழைத்துக் கணக்கை எடுத்தார். அதற்குள் பொருளாளர் குறுக்கே வந்து, ரசீதுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து, பெரியவர் பெயருக்கே முழுத்தொகையையும் எழுதிக் கிழித்து மகனின் சட்டைப்பையில் செருகினார். “இனிப் பாக்கி ஒன்றும் இல்லை, மக்களே. போய் அம்மாவைப் பார்” என்றார். பணம் அவருடையது. பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும்.

ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலன் பவுலும் இதைத்தானே செய்தார்? அவன் கடன்படவில்லை என்று சாதிக்கவில்லை. கடன் இருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும் என்றார். அதுவும் சிறையில் இருந்துகொண்டு.

இப்போது எங்கள் கமிட்டி, துக்க வீட்டில் சந்தாப் பேச்சை எடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் பழைய வழக்கமே நீடிக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதையும் கிளப்பப் போகிறேன். பொருளாளர் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.