திருகோணமலைக் குழாய்நீரில் பிளாஸ்டிக் இரசாயனம் கலந்திருக்கிறதா என்று எப்படிப் பரிசோதிப்பது?

வழக்கமான நீர்ப் பரிசோதனையில் இது தெரியாது. அதில் பார்ப்பது கோலிஃபோம் என்ற பற்றீரியா, குளோரின், கலங்கல் போன்றவைதான். பிளாஸ்டிக்கை வளையச்செய்யச் சேர்க்கும் தலேற்றுகள், சில கடினப் பிளாஸ்டிக் செய்யப் பாவிக்கும் பிஸ்பீனோல் ஏ இரண்டையும் தனியாகக் கேட்க வேண்டும். மிகச் சிறிய அளவு இரசாயனத்தையும் இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர் கருவி உள்ள ஆய்வுகூடமாகப் பார்த்துக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சோடாப் போத்தலில் பிடித்துக் கொண்டுபோனால் அந்தப் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கணக்கில் வரலாம். ஆய்வுகூடம் தரும் கபிலநிறக் கண்ணாடிப் போத்தலையே பாவியுங்கள். மூடியின் உட்புறம் டெஃப்லோனாக இருக்க வேண்டும். தோட்டத்து ஹோஸால் பிடிக்கவே வேண்டாம், வளையும் பீவீசியில் தலேற் நிறைய உண்டு. ஐஸ் பெட்டியில் வைத்துத் தாமதிக்காமல் அனுப்புங்கள்.

என் யோசனை: இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று, மீற்றருக்குப் பக்கத்துக் குழாயில், கொஞ்சநேரம் ஓடவிட்டு. மற்றது, மேல்தாங்கியிலிருந்து குசினிக்கு வரும் குழாயில், விடியப்புறம் முதல் தண்ணீர். இராமுழுக்கத் தேங்கி நின்றது அது. இரண்டாவதில் மட்டும் கூடினால் கோளாறு உங்கள் வீட்டுத் தாங்கியிலோ குழாயிலோதான்.

அறிக்கை வந்ததும் ஒப்பிட: டிஇஎச்பி என்ற தலேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 8 மைக்ரோகிராம். பிஸ்பீனோல் ஏக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் வைத்த வரம்பு லீற்றருக்கு 2.5 மைக்ரோகிராம். பிள்ளைக்குப் பால்மா கரைக்கும் வீடென்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.